வைரஸ்: இயங்குதளம் காப்பது எவ்வளவு, பழக்கம் காப்பது எவ்வளவு

2017 மே 12-ஆம் தேதி வன்னாக்ரை என்ற பூட்டுநிரல் பரவியபோது யாரும் எதையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. கணினி ஓடிக்கொண்டிருந்து, வலையமைப்பில் இணைந்திருந்தாலே போதும். விண்டோஸின் கோப்புப் பகிர்வுப் பகுதியில் இருந்த ஓர் ஓட்டை வழியாக அது ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தானே தாவியது, கோப்புகளைப் பூட்டியது, பிட்காயினில் பணம் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்திருந்தது. மாட்டியவற்றில் பெரும்பாலானவை அதைப் போடாத விண்டோஸ் 7 கணினிகள்.

இன்னொரு பக்கம், மலேசியாவில் புலனத்தில் (வாட்ஸ்அப்) சுற்றும் ‘கல்யாண அழைப்பிதழ்’. தெரியாத எண்ணிலிருந்து, குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்ற வரியோடு ஒரு கோப்பு வரும். பார்த்தால் அழைப்பிதழ் மாதிரி பெயர். உண்மையில் அது ஏ.பி.கே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு செயலி. திறக்கப் போனால் கைப்பேசியே எச்சரிக்கும். புலனத்திலிருந்து செயலி போட அனுமதிக்கவா என்று கேட்கும். குறுஞ்செய்திகளைப் படிக்க விடவா என்று மறுபடி கேட்கும். எல்லாவற்றுக்கும் ‘அலாவ்’ சொன்னபிறகுதான் அது வேலையைத் தொடங்கும். புத்தம்புதிய கைப்பேசியும் இதில் தப்பாது, ஏனென்றால் இதற்கு ஓட்டையே தேவையில்லை.

முதல் வகையில் பழக்கத்துக்கு வேலையில்லை, இரண்டாம் வகையில் இயங்குதளத்துக்கு அதிக வேலையில்லை. இன்று வீட்டுக் கணினிகளில் நடப்பது பெரும்பாலும் இரண்டாம் வகை. அதற்காக எல்லாவற்றையும் பழக்கத்தின் தலையில் கட்டுவதும் சரியில்லை. இரவு பதினொரு மணிக்கு, பிள்ளையின் பள்ளிப் பாடம், வருமான வரி எல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் என்றைக்காவது ஒருநாள் தவறான பொத்தானை அழுத்தத்தான் செய்வார். அந்த ஓர் அழுத்து அவருடைய வங்கிக் கணக்கு வரை போகாதபடி கணினியை முன்கூட்டியே அமைத்து வைப்பதுதான் கீழே வரும் வேலைகளின் நோக்கம். ஒரு சனிக்கிழமைக் காலை போதும்.

முதலில்: அப்டேட் இன்னும் வருகிறதா

விண்டோஸில் ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘அபௌட்’ போங்கள். அடியில் பதிப்பு எண் இருக்கும்.

விண்டோஸ் 10 என்று இருந்தால், அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. கணினி வழக்கம்போல் ஓடும், அதுதான் ஏமாற்றும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் மட்டும் அடைபடாமல் கிடக்கும். வீட்டுப் பயனர்களுக்கென்று மைக்ரோசாஃப்ட் நீட்டிப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது: 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்கள். கணினி 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். செட்டிங்ஸைத் தன் மேகக் கணக்கில் ஒத்திசைக்க விட்டால் இலவசம்; இல்லையென்றால் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகள் அல்லது 30 அமெரிக்க டாலர். சேர்வதற்கான இணைப்பு ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்திலேயே வரும். வரவில்லையென்றால் நிலுவையில் உள்ள அப்டேட்களை முதலில் போட்டு முடியுங்கள்.

விண்டோஸ் 11 இருக்கிறது, கவலையில்லை என்று நினைப்பவர்களும் பதிப்பைப் பார்க்க வேண்டும். ஹோம், ப்ரோ இரண்டிலும் ஒவ்வொரு பதிப்புக்கும் 24 மாதம்தான் ஆயுள். 23எச்2-வின் கெடு 2025 நவம்பர் 11-இல் முடிந்தது. 24எச்2-க்கு 2026 அக்டோபர் 13 வரை. 25எச்2-க்கு 2027 அக்டோபர் 12 வரை. வட்டில் இடமில்லாததால் பெரிய அப்டேட் திரும்பத் திரும்பத் தோற்று, பழைய பதிப்பிலேயே தங்கிவிட்ட கணினிகள் நிறைய. 20 ஜிபி அளவுக்கு இடம் காலி செய்துவிட்டு மறுபடி முயன்றால் பெரும்பாலும் ஏறிவிடும்.

பழைய மடிக்கணினிகள் விண்டோஸ் 11-க்கு ஏறாததற்குக் காரணம் பெரும்பாலும் டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, அல்லது மைக்ரோசாஃப்ட் ஏற்கும் ப்ராசஸர்களின் பட்டியல். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியலில் உண்டு. டி.பி.எம் இருந்தும், விண்டோஸ் எழுமுன் திறக்கும் அமைப்புப் பகுதியான பயாஸில் அது அணைந்திருப்பது சகஜம். இன்டெல் கணினியில் ‘பி.டி.டி’ என்றும் ஏ.எம்.டி-யில் ‘எஃப்.டி.பி.எம்’ என்றும் அது இருக்கும். புதுக் கணினி வாங்கக் கிளம்பும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

கடையில் விண்டோஸ் 7-இல் மட்டும் ஓடும் பழைய கணக்கு மென்பொருள் இருந்தால் அந்தக் கணினியின் வைஃபையை அணைத்து, கேபிளைப் பிடுங்கி, கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் உலாவி திறக்கவே கூடாது. குரோம்கூட 2023 ஜனவரியில் வந்த 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது. இந்த இடத்தில் எவ்வளவு நல்ல பழக்கமும் உதவாது.

மேக், லினக்ஸ் வாங்கினால் தீர்ந்துவிடுமா

மேக்கில் வைரஸ் வராது என்ற பேச்சுக்கு 2012-லேயே பதில் கிடைத்துவிட்டது. ஃப்ளாஷ்பேக் என்ற நிரல் சுமார் 6 லட்சம் மேக்குகளைப் பிடித்தது. ஜாவாவில் இருந்த ஓட்டையை ஆரக்கிள் பிப்ரவரியில் அடைத்தது. ஆப்பிள் தன் பங்கை ஏப்ரலில்தான் கொடுத்தது. இடைப்பட்ட வாரங்களில் புகுந்துகொண்டது. அதன்பின் ஆப்பிள் நிறையத் திருத்திக்கொண்டது: கையெழுத்திடாத செயலிகளை ‘கேட்கீப்பர்’ நிறுத்துகிறது, தெரிந்த நிரல்களை ‘எக்ஸ்ப்ரொடெக்ட்’ பிடிக்கிறது. 2024-இல் வந்த மேக் பதிப்பான செகோயாவில், கன்ட்ரோல் விசையோடு அழுத்தித் தடையைத் தாண்டும் குறுக்குவழியையும் எடுத்துவிட்டார்கள். அதனால் இப்போது மேக்கைக் குறிவைப்பவர்கள் உங்களிடமே கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். இலவச வீடியோ எடிட்டர் என்று போட்ட செயலி திறந்தவுடன் கணினிக் கடவுச்சொல்லைக் கேட்டால், அந்த இடத்தில் நிறுத்திக் குப்பையில் போடுங்கள்.

லினக்ஸ் மேசைக் கணினிகளைக் குறிவைப்பவர்கள் குறைவு. மென்பொருளைக் கண்ட இணையப் பக்கத்திலிருந்து எடுக்காமல் ஒரே களஞ்சியத்திலிருந்து எடுப்பதும் பெரிய பலம். அந்தக் களஞ்சியத்தின் ஊற்றிலேயே கைவைக்கலாம் என்பதை 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இஸட் நிரலில் கண்டுபிடிக்கப்பட்ட கள்ளக்கதவு காட்டியது. பெரும்பாலான பதிப்புகளுக்குப் போய்ச் சேருமுன் பிடிபட்டது அதிர்ஷ்டம்தான். விண்டோஸ் 11 ஏறாத பழைய மடிக்கணினிக்கு லினக்ஸ் மின்ட் 22 நல்ல வழி, 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. வங்கி, வருமான வரி மின்தாக்கல், பிள்ளையின் பள்ளிப் பாடத் தளமான டெலிமா எல்லாம் உலாவியில் நடப்பவை என்பதால் சிக்கலில்லை. விண்டோஸுக்கென்றே எழுதிய கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் மட்டும் தாவுமுன் யோசிக்க வேண்டும்.

எந்த இயங்குதளம் என்பது மூன்றாவது கேள்வி. அப்டேட் வருகிறதா, எந்தக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்ற இரண்டும் அதற்கு முன்னால் வரவேண்டியவை.

தினசரிக் கணக்கிலிருந்து அதிகாரத்தை எடுங்கள்

கடையிலிருந்து வந்த கணினியில் முதலில் உருவாகும் கணக்கு நிர்வாகிக் கணக்கு. பெரும்பாலான வீடுகளில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் அதே ஒன்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதை மாற்ற, இருக்கும் கோப்புகளை நகர்த்த வேண்டியதே இல்லை.

‘செட்டிங்ஸ்’, ‘அக்கவுண்ட்ஸ்’, ‘அதர் யூஸர்ஸ்’ போய் ‘ஆட் அக்கவுண்ட்’ அழுத்துங்கள். மின்னஞ்சல் கேட்கும் இடத்தில், இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்ற இணைப்பைத் தட்டி, அடுத்து மைக்ரோசாஃப்ட் கணக்கில்லாத பயனரைச் சேர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘நிர்வாகி’ என்று பெயர் வையுங்கள், நீளமான கடவுச்சொல் கொடுங்கள், அதைத் தாளில் எழுதி மைகாட் அடையாள அட்டை வைக்கும் இடத்தில் வையுங்கள். பிறகு ‘சேஞ்ச் அக்கவுண்ட் டைப்’ வழியாக இந்தப் புதுக் கணக்கை ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ ஆக்குங்கள். வெளியேறி, புதுக் கணக்கில் ஒருமுறை நுழைந்து பாருங்கள். நுழைய முடிகிறது என்று உறுதியான பிறகே, அங்கிருந்து உங்கள் பழைய கணக்கை ‘ஸ்டாண்டர்ட் யூஸர்’ ஆக்குங்கள். இந்த வரிசையை மாற்றினால் நிர்வாகியே இல்லாத கணினி கையில் மிஞ்சும்.

இனி எந்த மென்பொருள் போட்டாலும் நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கும். அந்த ஒரு நிமிட எரிச்சல்தான் பாதுகாப்பு. வெறும் ‘யெஸ்’ பொத்தானைக் கை பழக்கத்தில் அழுத்திவிடும். தாளைத் தேடி எடுத்து வருவதற்குள் மனது ஒருமுறை யோசிக்கும்.

இது எதைத் தடுக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ஆவணங்களைப் பூட்டவோ, உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை அள்ளவோ நிர்வாகி அதிகாரம் தேவையில்லை. உங்கள் பெயரில் ஓடும் நிரல் உங்கள் கோப்புகளைத் தொட முடியும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஸ்டாண்டர்ட் கணக்கில் ஓடும் நிரல் பக்கத்துக் கணக்கின் கோப்புகளுக்குள் நுழைய முடியாது. ஆகவே பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு போடுங்கள். விளையாட்டில் காசு, ஆயுதம் இலவசம் என்று வரும் ‘மாட்’, ‘சீட்’ கோப்புகள் கடவுச்சொல் திருடும் நிரல்கள் நுழையும் பெரிய வாசல். பிள்ளையின் கணக்கில் அது ஓடினால் அங்கேயே நிற்கும். அம்மா மேபேங்க் திறக்கும் கணக்குக்கு வராது.

கோப்பின் உண்மைப் பெயரைக் காட்டச் சொல்லுங்கள்

2000 மே மாதம் உலகைச் சுற்றிய ‘ஐ லவ் யூ’ மின்னஞ்சலின் தந்திரம் இன்னும் பிழைத்திருக்கிறது. இணைப்பின் பெயர் டி.எக்ஸ்.டி என்று முடிவதுபோல் தெரிந்தது. உண்மையில் அதற்குப் பின்னால் வி.பி.எஸ் ஒளிந்திருந்தது. கோப்பு எந்த வகை என்று காட்டும் கடைசி எழுத்துகளை, அதாவது எக்ஸ்டென்ஷனை, விண்டோஸ் மறைப்பதால் வந்த வினை. இருபத்தைந்து ஆண்டு கழித்தும் மைக்ரோசாஃப்ட் அந்த இயல்பு நிலையை மாற்றவில்லை, ஏன் என்று கேட்காதீர்கள்.

‘ஃபைல் எக்ஸ்ப்ளோரர்’ திறந்து, ‘வியூ’, ‘ஷோ’, ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை இயக்குங்கள். பத்து வினாடி வேலை. இனி ‘இன்வாய்ஸ்’ என்ற பெயரில் வந்த பி.டி.எஃப் உண்மையில் இ.எக்ஸ்.இ, எஸ்.சி.ஆர், ஜே.எஸ், எல்.என்.கே என்று முடிந்தால் கண்ணில் படும். படமோ ஆவணமோ இப்படி முடிவதில்லை.

கடவுச்சொல் போட்ட ஸிப் கோப்பு வந்து, கடவுச்சொல் அதே மின்னஞ்சலில் இருந்தால் சந்தேகப்படுங்கள். வைரஸ் ஸ்கேனர் உள்ளே பார்க்க முடியாமல் இருக்கத்தான் அந்தப் பூட்டு. வின்ரார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: அது தானாக அப்டேட் ஆகாது. 2023 ஆகஸ்ட்டிலும் 2025 ஜூலையிலும் அடைத்த ஓட்டைகள் இரண்டுமே அடைக்கப்படுமுன் தாக்குதலுக்குப் பயன்பட்டவை. 7.13-க்குக் கீழே இருந்தால் இன்றே மாற்றுங்கள், அல்லது நீக்கிவிடுங்கள்.

கிராக் என்னும் அழைப்பு

ஐந்நூறு வெள்ளி மென்பொருளின் உரிமப் பூட்டை உடைத்து, ‘கிராக்’ என்று இலவசமாகத் தரும் பக்கத்தில், முதல் படி பெரும்பாலும் ஒன்றுதான்: ஆன்டிவைரஸை அணையுங்கள், இது பொய் எச்சரிக்கைதான். அதைச் சொல்ல வேண்டிய தேவை ஏன் வந்தது என்று ஒரு நிமிடம் நின்று யோசித்தால் போதும். இதில் விண்டோஸின் காவல் எதுவும் தோற்கவில்லை. வீட்டுக்காரரே கதவைத் திறந்து காவலாளியை வெளியே அனுப்புகிறார்.

கெட்டிக்கார கிராக்குகள் ஆன்டிவைரஸை அணைத்துவைப்பதில்லை, தெரிந்துவிடும். ஸ்கேன் செய்யாமல் விடவேண்டியவற்றின் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலில் தன் கோப்புறையையோ முழு ‘சி’ வட்டையோ சேர்த்துவிடும். பச்சைக் குறி அப்படியே இருக்கும். ஸ்கேன் சுத்தம் என்று சொல்லும். ‘விண்டோஸ் செக்யூரிட்டி’, ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன்’, ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ போய் அடிவரை இறங்குங்கள். எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியல் வீட்டுக் கணினியில் காலியாக இருக்க வேண்டும். நீங்கள் சேர்க்காத ஒன்று இருந்தால் கணினி சுத்தமில்லை என்றே வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். அதே பக்கத்தில் ‘டேம்பர் ப்ரொடெக்ஷன்’ இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

பழைய மடிக்கணினி வாங்கினால் உள்ளே இருக்கும் விண்டோஸை நம்பாமல் வாங்கிய அன்றே சுத்தமாகப் போட்டுக்கொள்வது நல்லது. விண்டோஸை உரிமம் வாங்காமல் ஓடவைக்க உள்ளே போட்டுத் தரும் ஆக்டிவேட்டர் எதைக் கூட்டி வந்தது என்று யாருக்கும் தெரியாது. படம் திருத்த கிம்ப், எழுத லிப்ரே ஆஃபிஸ், வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. கிராக் தேடும் தேவையே பாதிக்கு மேல் இத்துடன் தீர்ந்துவிடும்.

ஆன்டிவைரஸ் தனியாக வாங்க வேண்டுமா என்றால், வீட்டுக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும் என்பதே எங்கள் கருத்து. கணினியோடு வந்த சோதனைப் பதிப்பு காலாவதியாகிக் கிடந்தால் நீக்கிவிடுங்கள். அது பாதி உயிரோடு உட்கார்ந்திருக்கும்போது டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கக்கூடும்.

‘நான் ரோபோ அல்ல’ என்று கேட்டு ஏமாற்றுவது

இப்போது அதிகம் பரவும் தந்திரம் இது, நிதானமாகப் பார்க்கலாம். படம் பார்க்கும் பக்கமோ, கூகுள் தேடலில் வந்த ஏதோ ஒரு பக்கமோ திறக்கிறது. நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்கச் சொல்லும் வழக்கமான சிறு கட்டம். தட்டினால் மூன்று படிகள் தோன்றும்: விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், கன்ட்ரோலையும் வி-யையும் அழுத்துங்கள், என்டர் அழுத்துங்கள். நீங்கள் கட்டத்தைத் தட்டிய நொடியிலேயே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் வைத்துவிட்டது. முதல் படி ‘ரன்’ பெட்டியைத் திறக்கிறது, இரண்டாவது கட்டளையை ஒட்டுகிறது, மூன்றாவது ஓட்டுகிறது.

பெட்டி சிறியது, கட்டளை நீளமானது. கடைசியில் ‘நான் ரோபோ அல்ல, சரிபார்ப்பு எண் இன்னது’ என்று எழுதி வைத்திருப்பார்கள். கண்ணில் படுவது அந்த வால் மட்டும்தான். கோப்பு எதுவும் உலாவி வழியாக இறங்காததால், இறக்கிய கோப்புகளைச் சோதிக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீனின் எச்சரிக்கையும் வராது. நிர்வாகி அதிகாரமும் தேவைப்படாது. மேக்கில் இதே வேலையை டெர்மினலில் ஒட்டச் சொல்லிச் செய்கிறார்கள்.

எந்த உண்மையான சோதனையும் உலாவிக்கு வெளியே போகச் சொல்லாது. வீட்டில் உள்ள எல்லாருக்கும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, இதை ஒருமுறை செய்து காட்டாமல் வாயால் விளக்கினால் போதும்: விண்டோஸ் விசையோடு ஆர் என்று எந்தப் பக்கம் சொன்னாலும் மூடிவிடு.

வலது மூலையில் கத்தும் எச்சரிக்கை

உங்கள் கணினியில் ஐந்து வைரஸ், உடனே புதுப்பியுங்கள் என்று திரையின் வலது கீழ் மூலையில் ஓயாமல் வருவது பெரும்பாலும் வைரஸே இல்லை. எப்போதோ ஒரு பக்கத்துக்கு அறிவிப்பு அனுப்ப ‘அலாவ்’ கொடுத்திருப்பீர்கள். குரோமில் ‘செட்டிங்ஸ்’, ‘ப்ரைவஸி அண்ட் செக்யூரிட்டி’, ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ போய் அனுமதித்த பட்டியலில் தெரியாத பெயர்களை நீக்குங்கள். நின்றுவிடும். இதற்குக் கடையில் காசு கொடுக்க வேண்டியதில்லை. அப்படியே உலாவியில் சேர்த்த துணைநிரல்களின் (இவையும் எக்ஸ்டென்ஷன்தான்) பட்டியலையும் பாருங்கள். எல்லாப் பக்கங்களிலும் எல்லாத் தரவையும் படிக்க, மாற்ற அனுமதி கேட்கும் கூப்பன் நிரல் உங்கள் வங்கிப் பக்கத்தையும் படிக்கும்.

பென்டிரைவ்

2008 இறுதியில் கான்ஃபிக்கர் பரவிய காலத்தில் பென்டிரைவைச் செருகினாலே போதும், ஆட்டோரன் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். விண்டோஸ் 7-இல் அது நின்றது. 2011 பிப்ரவரியில் எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் அப்டேட் மூலம் அணைத்தார்கள். மக்கள் திருந்தியதால் அந்த வழி அடைபடவில்லை, மைக்ரோசாஃப்ட் அடைத்ததால் அடைபட்டது. இணையத்திலிருந்து வந்த ஆஃபிஸ் கோப்புகளின் உள்ளே ஓடும் சிறு நிரலான மேக்ரோவை 2022-இல் தடுத்ததும் அதே கதைதான்.

இப்போது பென்டிரைவ் வைரஸுக்கு உங்கள் இரட்டைச் சொடுக்கு வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ ஒரு நகலெடுக்கும் கடையில் கோயில் விழா அறிக்கையை அச்சடித்துவிட்டு வீட்டில் செருகுகிறீர்கள். கோப்புறைகள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு படவுருவின் இடது கீழ் ஓரத்திலும் ஒரு சிறு வளைந்த அம்புக்குறி. அல்லது எல்லாம் மறைந்து, டிரைவின் பெயரிலேயே ஒரே ஒரு படவுரு. வலது சொடுக்கி ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பார்த்தால் ‘டார்கெட்’ என்ற இடத்தில் கோப்புறையின் முகவரிக்குப் பதில் ஒரு கட்டளை இருக்கும். அதைத் திறந்தால் கோப்புறையும் திறக்கும், பின்னால் நிரலும் ஓடும். அதனால்தான் பலருக்குத் தெரிவதில்லை.

கோப்புகள் அழியவில்லை, மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. அம்புக்குறி எதையும் தொடாமல் டிரைவின் மேல் வலது சொடுக்கி, ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ வழியாக டிஃபெண்டர் ஸ்கேன் கொடுங்கள். பிறகு ‘வியூ’, ‘ஷோ’, ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ இயக்குங்கள். போதாவிட்டால் ‘ஆப்ஷன்ஸ்’ உள்ளே ‘வியூ’ பகுதியில், பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறை என்ற குறியை எடுங்கள். மங்கலான நிறத்தில் உண்மையான கோப்புறைகள் தெரியும். அவற்றை அப்படியே நகலெடுத்தால் மறைந்த நிலையும் கூடவே வரும், ப்ராப்பர்ட்டீஸில் ‘ஹிடன்’ குறியும் எடுக்க வராமல் சாம்பலாக நிற்கும். ஆகவே உள்ளே நுழைந்து, உங்கள் ஆவணங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, கணினியில் ஒரு புதுக் கோப்புறையில் ஒட்டுங்கள். பிறகு டிரைவை ஃபார்மட் செய்து, ஆவணங்களைத் திருப்பிப் போடுங்கள். ஃபார்மட் செய்த டிரைவை மறுபடி செருகியவுடன் அம்புக்குறிகள் திரும்ப வந்தால் நோய் கணினியில் இருக்கிறது. டிரைவைக் குறைசொல்லிப் பயனில்லை. பார்த்து முடித்தபின் எடுத்த குறியைத் திரும்பப் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் யாராவது இயங்குதளக் கோப்பை அழித்துவிடுவார்கள்.

அச்சடிக்கவென்றே ஒரு சின்ன பென்டிரைவ் வைத்து, பி.டி.எஃப் ஒன்றை மட்டும் ஏற்றிக்கொண்டு போய், வந்ததும் ஃபார்மட் செய்வது எளிது. குடும்பப் படங்கள் இருக்கும் டிரைவைக் கடைக் கணினியில் செருகாதீர்கள்.

கைப்பேசி

வங்கிச் செயலி இருப்பது கைப்பேசியில்தான், எனவே கணினியைவிட இதுதான் முக்கியம். சாம்சங்கில் ‘செக்யூரிட்டி அண்ட் ப்ரைவஸி’ உள்ளே ‘ஆட்டோ பிளாக்கர்’ இருந்தால் இயக்குங்கள். செயலிக் கடைக்கு (ப்ளே ஸ்டோர் போன்றவை) வெளியிலிருந்து வரும் செயலிகள் நுழையாது. மற்றவற்றில் ‘ஸ்பெஷல் ஆப் அக்செஸ்’ தேடி, ‘இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்’ பட்டியலில் புலனம், டெலிகிராம், குரோம் எல்லாவற்றையும் ‘நாட் அலாவ்ட்’ ஆக்குங்கள். அம்மா அப்பாவின் கைப்பேசியில் இதை நீங்களே செய்து கொடுங்கள், சொல்லிப் புரியவைக்கக் காத்திருக்க வேண்டாம். பிறகு ‘அக்ஸஸிபிலிட்டி’ பக்கம்: திரையைப் படிக்கவும் பொத்தான்களை அழுத்தவும் அனுமதி பெற்ற செயலிகள் அங்கே இருக்கும். தெரியாத பெயர் ஒன்று இருந்தாலும் அது உங்கள் இடத்தில் உட்கார்ந்து வங்கிச் செயலியை இயக்கக்கூடும்.

வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் அனுப்புகிறோம், முன்பணம் பத்து வெள்ளி, இந்தச் செயலியில் கட்டுங்கள் என்று முகநூல் விளம்பரத்தில் வருவதும் கல்யாண அழைப்பிதழின் உடன்பிறப்பு. போலிப் பக்கத்தில் நீங்கள் தட்டும் வங்கிக் கடவுச்சொல் ஒரு பக்கம் போகும், குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை அனுமதி எண்ணான டேக் எண்ணைச் செயலி மறுபக்கம் அனுப்பும். 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா குறுஞ்செய்தி எண்ணைக் கைவிட்டு, பதிவுசெய்த ஒரே சாதனத்தில் செயலி வழியாக அனுமதி தரும் முறைக்கு மாறும்படி வங்கிகளுக்குச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் வங்கி அந்த வசதியைத் தந்தும் நீங்கள் பழைய முறையிலேயே இருந்தால் மாறிவிடுங்கள்.

காப்பு நகல்

வெளிவட்டு ஒன்று, கோலாலம்பூர் லோ யாட் கணினிக் கடைகளில் வாங்கும் சாதாரண 1 டிபி போதும். நகலெடுக்கும்போது மட்டும் செருகுங்கள், முடிந்ததும் கழற்றுங்கள். எப்போதும் செருகியே கிடக்கும் வட்டைப் பூட்டுநிரல் கணினியோடு சேர்த்துப் பூட்டிவிடும். மேகச் சேமிப்பான ஒன்டிரைவை மட்டும் நம்பினால், பூட்டப்பட்ட கோப்புகளே மேலே போய் நல்லவற்றின் இடத்தில் உட்காரும். பழைய பதிப்புகளை மீட்கும் வசதி உண்டு, ஆனால் கால வரம்போடு.

மாட்டிக்கொண்டால்

முதலில் வைஃபையை அணையுங்கள். கணினியை அணைக்க அவசரமில்லை, இணையத்தை வெட்டுவதுதான் அவசரம்.

வங்கி விவரம் போயிருக்கலாம் என்றால், வேறு கைப்பேசியிலிருந்து வங்கியின் அவசர எண்ணையும், தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997-ஐயும் அழையுங்கள். வங்கிச் செயலியில் ‘கில் ஸ்விட்ச்’ இருந்தால் அழுத்துங்கள். பணம் கைமாறிக்கொண்டே போகும் என்பதால் இங்கே நிமிடங்கள் முக்கியம். போலீஸ் புகார் அதற்கடுத்து.

அடுத்து, சுத்தமான வேறு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். மின்னஞ்சல் முதலில், ஏனென்றால் மற்றவற்றின் மீட்பு இணைப்புகள் அங்கேதான் வரும். கடவுச்சொல்லை மாற்றியதோடு நின்றால் போதாது. திருடும் நிரல்கள், நீங்கள் உள்நுழைந்திருப்பதை நினைவில் வைக்கும் உலாவியின் குக்கீகளையும் எடுத்துப் போகின்றன. அவற்றைக் கொண்டு கடவுச்சொல்லோ இரண்டாம் கட்டச் சரிபார்ப்போ இல்லாமலே நுழையலாம். ஒவ்வொரு கணக்கிலும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்பதைத் தேடி அழுத்துங்கள். கூகுளில் அது ‘செக்யூரிட்டி’, ‘யுவர் டிவைசஸ்’ உள்ளே இருக்கிறது.

பிறகு கணினி. டிஃபெண்டரின் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் எழுமுன் தேடும்; சுமார் 15 நிமிடம். சாதாரண விளம்பர நிரல் என்றால் இதோடு போய்விடும். கிராக், ‘ரன்’ பெட்டித் தந்திரம், தெரியாத எக்ஸ்க்ளூஷன் இவற்றில் எதுவாக இருந்தாலும் ஸ்கேன் சுத்தம் என்று சொல்வதை நம்ப வேண்டாம். வேறு சுத்தமான கணினியில், 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்ட்டின் ‘மீடியா கிரியேஷன் டூல்’ கொண்டு விண்டோஸை ஏற்றி, வட்டின் பழைய பிரிவுகளை (பார்ட்டிஷன்) அழித்துப் புதிதாகப் போடுங்கள். இரண்டு மணி நேர வேலை. இரண்டு வாரச் சந்தேகத்தைவிட மேல்.

காப்பு நகலிலிருந்து படங்கள், ஆவணங்களை மட்டும் திரும்ப எடுங்கள். பழைய ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையில் கிடக்கும் செட்டப் கோப்புகளை எடுக்காதீர்கள். தேவையான மென்பொருளை அதனதன் சொந்தப் பக்கத்திலிருந்தே புதிதாக இறக்குங்கள். முதல் நாளே ‘நிர்வாகி’ கணக்கு ஒன்று, உங்களுக்கு ஸ்டாண்டர்ட் கணக்கு ஒன்று.